இடித்த வீட்டிலிருந்து வந்த பேவர் பிளாக், சாலிட் பிளாக்: ஒன்றரை வருடம் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்

மடிப்பாக்கத்தில் அப்பா 1984-ல் கட்டிய வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் புதிதாகக் கட்டினோம். இடித்த கழிவைக் கொண்டுபோய்க் கொடுத்ததும், கட்டிட இடிபாட்டை அரைத்துச் செய்த பேவர் பிளாக் (தரையில் பதிக்கும் கல்), சாலிட் பிளாக் (சுவர் கட்டும் கான்கிரீட் கல்), ஜல்லி, மணல் எல்லாம் வாங்கியதும் ஒரே யார்டில்தான். ஊருக்கு வெளியே இருக்கும் தனியார் யார்டு. பெயர் போடவில்லை, ஏனென்றால் கீழே சில குறைகள் சொல்லப்போகிறேன், அதில் பாதியை அவர்கள் பிறகு சரி செய்து கொடுத்துவிட்டார்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் எந்த யார்டில் வாங்கினாலும் பார்க்க வேண்டிய விஷயங்கள் ஏறக்குறைய இவைதான்.

அவசரத்தில் படிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாலிட் பிளாக் அருமை, காம்பவுண்ட் சுவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பேவர் நல்லதுதான், ஆனால் லோடு இறங்கும்போது பக்கத்தில் நின்று பார்த்து வாங்க வேண்டும். ஜல்லியை பி.சி.சி.க்கு (அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் கம்பி இல்லாத கான்கிரீட்) மட்டும் பயன்படுத்துங்கள். மணலைப் பூச்சு வேலைக்கு வாங்கவே வாங்காதீர்கள்.

சரி, இதில் எப்படி இறங்கினேன் என்பதைச் சொல்லாமல் போனால் பாதி விஷயம் விட்டுப்போகும். வீடு இடிப்பவர் வந்து பார்த்தார். கம்பி, கதவு, ஜன்னல், கிரில் எல்லாவற்றையும் அவரே எடுத்துக்கொண்டு கூலியில் கழித்துக்கொள்வார், இது எல்லா இடத்திலும் நடப்பதுதான். கல்லும் மண்ணும் எங்கே போகும் என்று கேட்டேன். "அத நாங்க பாத்துக்கிறோம் சார், உங்களுக்கு ஏன் அந்த டென்ஷன், காலி எடம் ஏதாச்சும் இருக்கும்" என்றார். எங்கள் பக்கத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் டிப்பர்கள் எந்தக் காலி இடத்துக்குப் போகின்றன என்று இங்கே குடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஏரிக்கரை, இல்லையென்றால் சதுப்பு நிலத்தின் ஓரம். 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அம்மாவைப் பக்கத்து வீட்டு மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எங்கள் பகுதித் தண்ணீர் போய்ச் சேர வேண்டிய இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், அதற்கு 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் அந்தஸ்தும் கிடைத்தது. அந்த இடத்தில் என் வீட்டுக் கல்லைக் கொட்டிவிட்டு, அடுத்த மழையில் தண்ணீர் வடியவில்லை என்று நான் யாரைக் கேட்க முடியும்? அதனால் கழிவு யார்டுக்குத்தான் போக வேண்டும், எடை மேடை ரசீது என் கையில் வர வேண்டும், அதற்கு ஆகும் கூடுதல் வண்டி வாடகையை நான் தருகிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டேன்.

எவ்வளவு கழிவு வரும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கான்கிரீட், செங்கல் கட்டிடத்தை இடித்தால் ஒரு சதுர மீட்டருக்கு 300 முதல் 500 கிலோ வரை வரும் என்பார்கள். எங்கள் வீடு 900 சதுர அடி, தரைத்தளம் மட்டும், அதாவது சுமார் 84 சதுர மீட்டர். கணக்குப்படி 25 முதல் 42 டன். எடை மேடையில் நான்கு லோடும் சேர்த்து 38 டன் வந்தது. ஒரு சின்ன வீட்டுக்கே இவ்வளவு என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்த நான்கில் ஒரு லோடு திரும்பி வந்துவிட்டது. நியாயமாகத்தான் திருப்பினார்கள். ஹாலில் பத்து வருடம் முன்பு பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) சீலிங் போட்டிருந்தோம், இடிக்கும்போது அதையும் செங்கலோடு சேர்த்து வாரிப் போட்டுவிட்டார்கள், கூடவே தெர்மாகோல், பழைய மெத்தைப் பஞ்சு, வயர் எல்லாம். யார்டில் மேலே ஏறிப் பார்த்த பையன், "அண்ணே, இதுல ஜிப்சம் இருக்கு, இறக்க முடியாது" என்று சொல்லிவிட்டான். எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் அங்கிருந்த இன்ஜினியர் விளக்கிய பிறகு அடங்கிவிட்டது. பி.ஓ.பி.யும் ஜிப்சம்தான், அது ஒரு சல்பேட். அது அரைபட்டு மணலில் கலந்துவிட்டால் பிறகு எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது, புது கான்கிரீட்டுக்குள் போய் சிமெண்டோடு வினைபுரிந்து உப்பி வெடிக்க வைக்கும். அதனால்தான் சொல்கிறேன், வீடு இடிப்பதற்கு முதல் நாளே சீலிங், மரம், பிளாஸ்டிக், சானிட்டரி சாமான் எல்லாவற்றையும் தனியாகக் கழற்றி எடுத்துவிடுங்கள். இரண்டு ஆள் கூலிதான் ஆகும். யார்டு எவ்வளவு நல்ல மெஷின் வைத்திருந்தாலும் நாம் கொடுக்கிற கழிவு சுத்தமாக இருந்தால்தான் அவர்கள் தருகிற கல்லும் சுத்தமாக இருக்கும்.

திரும்பிய லோடை வீட்டு வாசலில் கொட்டி, நாங்களே இரண்டு சித்தாள்களோடு உட்கார்ந்து பிரித்தோம், ஒரு முழு நாள். மறுநாள் ஏற்றுக்கொண்டார்கள். அன்றைக்கு யார்டில் ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்தேன், பார்க்க வேண்டிய இடம். முதலில் பெரிய பாளங்களை பிரேக்கர் மாட்டிய வண்டி உடைக்கிறது, கம்பியைத் தனியாக வெட்டி எடுக்கிறார்கள். பிறகு ஜா கிரஷர் என்ற கல் நசுக்கும் மெஷின், அதிலிருந்து பெல்ட்டில் வரும் கல்லுக்கு மேலே ஒரு காந்தம் தொங்குகிறது, ஆணி, கட்டுக்கம்பி எல்லாம் துள்ளிப் போய் அதில் ஒட்டிக்கொள்கின்றன. அதன்பின் சல்லடை. 40 எம்.எம்., 20, 10, மணல் என்று பிரிந்து தனித்தனிக் குவியலாக விழுகிறது. இவர்களிடம் தண்ணீரில் கழுவும் மெஷினும் இருக்கிறது, மரத்துண்டு, பஞ்சு மாதிரி லேசானவை மிதந்து ஒதுங்கிவிடும், களிமண் கரைந்து தனியாகப் போகும். அந்தச் சேற்றைப் பிழிந்து எடுத்துவிட்டுத் தண்ணீரை மறுபடி பயன்படுத்துகிறார்கள். கழுவாமல் வெறுமனே அரைத்துச் சலித்து விற்கும் இடங்களும் உண்டு. வாங்குவதற்கு முன்னால் இதை அவசியம் கேளுங்கள், கழுவிய ஜல்லிக்கும் கழுவாததற்கும் வித்தியாசம் கையில் எடுத்தாலே தெரியும், கழுவாதது உள்ளங்கையில் மாவு மாதிரி ஒட்டும்.

இது ஏதோ புதுசாக யாரோ ஒருவர் தொடங்கிய சோதனை முயற்சி இல்லை. டெல்லி புராரியில் 2009-லேயே நாளுக்கு 500 டன் அளவில் இப்படி ஓர் ஆலை வந்துவிட்டது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மாநகராட்சியின் ஆலைகள் இருக்கின்றன. டெல்லியில் சுப்ரீம் கோர்ட்டின் கூடுதல் கட்டிடத்தில் இந்த வகைக் கற்களைப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். கட்டிடக் கழிவுக்கென்று தனி விதிகள் 2016-லேயே வந்தாயிற்று. நாளுக்கு 20 டன்னுக்கு மேலோ, ஒரு வேலையில் மாதம் 300 டன்னுக்கு மேலோ கழிவு வந்தால் கான்கிரீட், மண், இரும்பு, மரம், பிளாஸ்டிக், செங்கல் என்று பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று அந்த 2016 விதிகளில் இருந்தது. என்னைப் போன்ற ஒற்றை வீட்டுக்காரரை யாரும் வந்து பிடிக்கப்போவதில்லை. ஆனால் எங்கள் தெருவில் மட்டும் மூன்று வருடத்தில் ஏழு பழைய வீடுகள் இடிபட்டுவிட்டன, எல்லாம் ஒற்றை வீடுகள்தான், சேர்த்துப் பார்த்தால் எவ்வளவு டன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது சாமானுக்கு வருகிறேன். கழிவைக் கொடுத்ததோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் அங்கே அடுக்கி வைத்திருந்த பிளாக்குகளைப் பார்த்ததும் வாங்கிப் பார்க்கலாம் என்று தோன்றியது. வீட்டில் முதல் எதிர்ப்பு மேஸ்திரியிடமிருந்து வந்தது. முப்பது வருடமாக எங்கள் குடும்பத்துக்கு வேலை செய்கிறவர், அப்பாவை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். "தம்பி, இடிச்ச கல்லுல புது வீடு கட்டக் கூடாது, யாரு வீட்டு கல்லோ, என்ன நடந்த வீடோ, நமக்கு எதுக்கு?" என்றார். இந்த எண்ணம் நிறையப் பேருக்கு இருக்கிறது, அதைத் தப்பு என்று சண்டை போட நான் தயாராக இல்லை. அம்மாதான் பதில் சொன்னாள். "நம்ம பழைய வீட்டுத் தலைவாசல் நிலை எங்க இருந்து வந்துச்சு? காரைக்குடில இடிச்ச வீட்டுது, நீதானே அவர்கூட லாரில போயி ஏத்திட்டு வந்தே? அதுல நாப்பது வருஷம் நல்லாத்தானே இருந்தோம்" என்றாள். மேஸ்திரி அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் மொட்டை மாடியில் சுண்ணாம்போடு செங்கல் ஜல்லி போட்டு இடித்து இடித்துத் தளம் போட்டதும் இதே மேஸ்திரிமார்தான், உடைந்த செங்கலை வீணாக்காமல் வேலைக்கு எடுப்பது நம் ஊருக்குப் புதிதே இல்லை. சுர்க்கி என்று அரைத்த செங்கல் தூளையும் சுண்ணாம்புக் கலவையில் சேர்த்தார்கள்.

சாலிட் பிளாக்: ஆறு அங்குலக் கல், 16-க்கு 8 அங்குலம். காம்பவுண்ட் சுவருக்கு 640 கல் வாங்கினோம். வெளியே 42 ரூபாய் சொன்ன நேரத்தில் இங்கே 36. ஓரங்கள் நேராக இருந்தன, ரசமட்டம் வைத்தால் வரிசை சரியாக உட்கார்ந்தது, மேஸ்திரியே இரண்டாம் நாள் "கல்லு அளவு பிசகாம இருக்கு" என்று ஒப்புக்கொண்டார். தூக்கும்போது கனம் சாதாரணக் கல் மாதிரியேதான். ஒரே ஒரு விஷயம், இந்தக் கல் தண்ணீரைக் கொஞ்சம் அதிகமாகக் குடிக்கும். காரணம் எளிது, பழைய ஜல்லியைச் சுற்றிப் பழைய சிமெண்ட் கலவை ஒட்டிக்கொண்டிருக்கிறது, கூடவே செங்கல் துண்டும் இருக்கும், இரண்டுமே ஓட்டை உள்ளவை. அதனால் கல்லை லேசாக நனைக்காமல் வைத்தால் கலவையில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், இணைப்பு பலமாகப் பிடிக்காது. முதல் நாள் மட்டும் இந்தத் தப்பைச் செய்தோம், ஒரு வரிசையைத் தட்டிப் பார்த்ததில் கல் அப்படியே கையோடு வந்துவிட்டது. பிரித்து மறுபடி வைத்தோம். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது, இரண்டு வடகிழக்குப் பருவமழை பார்த்தாயிற்று, சுவரில் ஒரு விரிசல் கிடையாது.

ஒரு கல்லை உடைத்துப் பார்த்தேன், அதை மட்டும் சொல்லியே ஆக வேண்டும். உள்ளே சாம்பல் நிறக் கலவைக்கு நடுவில் கருங்கல் சில்லு, சிவப்புச் செங்கல் பொட்டுகள், ஓர் ஓரத்தில் கட்டை விரல் நகம் அளவுக்குப் பச்சை மொசைக் துண்டு ஒன்று, பளபளப்பு கூடப் போகவில்லை. எங்கள் வீட்டு மொசைக் கறுப்பும் வெள்ளையும். இது வேறு யாரோ வீட்டுத் தரை. அதை எடுத்து அலமாரியில் வைத்திருக்கிறேன்.

பேவர் பிளாக்: போர்ட்டிகோவுக்கும் வீட்டைச் சுற்றி விட்ட இடத்துக்கும் 60 எம்.எம். கனத்தில் ஜிக்-ஜாக் மாடல் வாங்கினோம். மேல் அடுக்கு மட்டும் சாயம் கலந்து புது மணலில் செய்தது, அதனால் பார்க்க வெளிக் கடைக் கல்லுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. பேவருக்கு என்று ஐ.எஸ். 15658 என்ற இந்தியத் தரக்குறியீடு இருக்கிறது, அதன்படி தண்ணீர் உறிஞ்சுவது சராசரியாக 6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், தனி ஒரு கல் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. லேபில் ஓவனில் காயவைத்துச் செய்வார்கள். நான் வீட்டில் ஒரு வாரம் வெயிலில் போட்டு, மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுத்து, துடைத்து, மறுபடி நிறுத்தேன். ஆறு கல்லில் ஐந்து தேறிவிட்டது, அதில் ஒன்று 3.62 கிலோ இருந்தது 3.81 ஆனது, அதாவது 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். ஆறாவது கல் 3.55-லிருந்து 3.80-க்குப் போய்விட்டது, ஏழைத் தாண்டிவிட்டது. அந்தக் கல்லைப் பார்த்தாலே பக்கவாட்டில் சிவப்பு அதிகமாகத் தெரிந்தது, செங்கல் ஜாஸ்தியாகப் போன கலவை.

இதுதான் இந்தச் சாமானின் உண்மையான பிரச்சினை, பலம் இல்லை என்பது இல்லை, ஒரு நாள் போட்ட கல் போல மறுநாள் போட்ட கல் இருப்பதில்லை. உள்ளே வருவது ஒரு நாள் பாலம் இடித்த கான்கிரீட், மறுநாள் பழைய செங்கல் வீடு. நல்ல யார்டு என்றால் இரண்டையும் தனித்தனியாகக் கொட்டி வைத்து, கான்கிரீட்டில் வந்த ஜல்லியை மட்டும் பேவருக்கு எடுக்க வேண்டும். நான் போய் அந்தக் கல்லைக் காட்டினேன், முதலில் "எல்லாம் ஓகேதான் சார்" என்றார்கள், டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டபோது எட்டு மாதத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டின் ஜெராக்ஸைத் தந்தார்கள். எனக்கு வந்த பேட்ச் எது, அதற்கு ரிப்போர்ட் எங்கே என்று விடாமல் கேட்டேன். மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். கடைசியில் சிவப்பு அதிகமாகத் தெரிந்த 110 கல்லை மாற்றிக் கொடுத்தார்கள், வண்டி வாடகையும் அவர்களே போட்டுக்கொண்டார்கள். இப்போது ஒவ்வொரு பேட்சுக்கும் தேதி அச்சடித்து வருகிறதாம், சமீபத்தில் வாங்கிய நண்பர் சொன்னார்.

கார் ஏறி இறங்கும் இடத்தில் இதுவரை நான்கு கல் ஓரம் உடைந்திருக்கிறது. கீழே எம்-சாண்ட் (கருங்கல்லை அரைத்த மணல்) படுக்கை சரியாக இறுகாத இடம் அது, கல்லின் மேல் மட்டும் பழி போட மாட்டேன். முதல் மழைக்குப் பிறகு சில கற்களில் வெள்ளையாக உப்புப் பூத்தது. பிரஷ் போட்டுத் தேய்த்தால் போய்விடுகிறது, இரண்டாவது வருடம் பெரிதாக வரவில்லை.

ஜல்லி: அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் பி.சி.சி.க்கு 40 எம்.எம். ஜல்லி வாங்கினோம். ஐ.எஸ். 383 என்ற தரக்குறியீட்டை 2016-ல் திருத்தியபோதே பழைய கான்கிரீட்டை உடைத்து எடுத்த ஜல்லிக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். கான்கிரீட்டின் பலத்தை எம்15, எம்25 என்று சொல்வார்கள், எண் கூடினால் பலம் கூடும். எம்15-க்குக் கீழே உள்ள கலவைக்கு முழுக்க முழுக்க இதையே போடலாம், கம்பி கட்டிய கான்கிரீட்டில் எம்25 வரைக்கும் 20 சதவீதம் கலக்கலாம், கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம். எங்கள் இன்ஜினியர் தூண், பீம், ரூஃப் எதிலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், விதி அனுமதித்தாலும் சைட்டில் கையால் அளந்து கலக்கும்போது 20 சதவீதம் எப்போது 40 ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அவர் சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன். பி.சி.சி.க்குப் போடும்போது முதல் நாள் சாயந்திரமே குவியலில் தண்ணீர் அடித்து ஊறவிட்டுவிடுங்கள். ஊறாத ஜல்லியைப் போட்டால் கலவை பத்து நிமிஷத்தில் விறைத்துக்கொள்ளும், உடனே ஆட்கள் ஒரு குடம் தண்ணீரை மேலே ஊற்றுவார்கள், அதோடு பலம் போச்சு.

பேஸ்மென்ட் நிரப்ப அங்கேயே சலித்த மண்ணையும் டஸ்டையும் வாங்கினோம். குறை சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக இறுகியது, ஏரி மண் தேடி அலைய வேண்டியதில்லை.

மணலில்தான் ஏமாந்தேன். காம்பவுண்ட் சுவரின் உள்பக்கம் பூசுவதற்கு அரை யூனிட் வாங்கிப் பார்த்தோம். கொத்தனார் கரணையில் எடுத்து அடித்ததுமே "இது பூச்சுக்கு ஒட்ட மாட்டேங்குது" என்றார். நான்தான் தொடரச் சொன்னேன், தப்பு என்னுடையது. மூன்றாம் நாள் சிலந்தி வலை மாதிரி மெல்லிய விரிசல், ஐந்தாம் நாள் தட்டினால் சில இடங்களில் பொக்கென்று சத்தம். மாவு போன்ற தூள் அதில் அதிகம், தண்ணீரை இழுத்து வைத்துக்கொண்டு காயும்போது சுருங்குகிறது. கொத்திவிட்டு எம்-சாண்ட் போட்டுத்தான் மறுபடி பூசினோம். மீதி மணலைப் பேவருக்கு அடியில் போட்டோம், அங்கே அது சரியாக இருக்கிறது.

சர்வீஸ் பற்றி இரண்டு வரி. போன் எடுப்பார்கள், ஆனால் சொன்ன நாளில் வண்டி வராது, சாலிட் பிளாக் ஆறு நாள் தாமதம், அந்த ஆறு நாளும் ஆட்களுக்குக் கூலி கொடுத்தோம். இறக்கும்போது 640-ல் 23 கல் உடைந்தது, அதைக் கணக்கில் கழித்துக் கொடுத்தார்கள். பில் ஒழுங்காகத் தருகிறார்கள். கழிவு கொடுத்ததற்குத் தனி ரசீது தருகிறார்கள், அதை வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன். சென்னை மாநகராட்சிக்குள் இருப்பவர்கள் கழிவை எங்கே கொடுப்பது என்று 1913-க்கு அழைத்துக் கேட்டுக்கொள்ளலாம், வீடு இடிக்க ஆள் பேசுவதற்கு முன்னாடியே கேளுங்கள், இடித்து வாசலில் குவித்த பிறகு கேட்டால் அவசரத்தில் யாராவது ஒருவரிடம் கொடுத்து அனுப்பிவிடுவோம்.

தை மாதம் மாடி வேலை ஆரம்பிக்கிறோம். உள் தடுப்புச் சுவருக்கு நான்கு அங்குலக் கல் அதே யார்டில்தான் சொல்லியிருக்கிறேன், பேட்ச் தேதியும் அதற்கான ரிப்போர்ட்டும் முதலில் வாட்ஸ்அப்பில் வர வேண்டும், பத்து கல் முன்னதாக அனுப்ப வேண்டும், நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் மீதிப் பணம் என்று பேசியிருக்கிறேன். ஒப்புக்கொண்டார்கள். பத்து கல்லும் நேற்று வந்துவிட்டது, இப்போது மொட்டை மாடியில் வெயிலில் காய்கிறது.